இயர்போன் பஞ்சின் ஆயுசு

துப்பறிபவர் வலது காதில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கொலைகாரன் இடது காதில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பிரேக் வாத்தியாருக்குக் கேள்விகள் மட்டும்தான் கேட்டன.

"அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்தது யார்?" என்று வலது காதில் இடி முழங்கியது. இடது காதில், மூடிய டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ போல ஒரு முனகல். "என்ன! அவரா? அவரை நான் சந்தேகப்படவே இல்லையே!" என்று துப்பறிபவர் அலற, வாத்தியார் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

வானொலியில் பல வாரமாக ஓடிய மர்மத் தொடரின் கடைசிப் பகுதி அது. கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அவரைத் தவிர. நல்ல வேளையாக, சாயங்காலம் மறுஒலிபரப்பு உண்டு. அதற்குள் இடது பக்கத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அமுக்கியதை விட அவர் ஒருவர் அமுக்கியது அதிகம் என்பதால் அந்தப் பெயர்.

இயர்போனைக் கழற்றிப் பார்த்தார். முனையில் மாட்டியிருந்த பஞ்சு ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று சொல்வது கஷ்டம். மழைக்காலத்தில் இடது பக்கத்துப் பஞ்சு எங்கேயோ தொலைந்து, வேறொன்று மாட்டியதோடு சரி. இடது காதுக்கானதை வலது காதில் வைத்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றாது. தடம் மாறிப் போவது அவர் தொழிலுக்கே விரோதம்.

"ஏம்மா, இந்த இயர்போன்ல இடது பக்கம் சத்தமே வர மாட்டேங்குது."

அவருக்கு இடது பக்கம், ஜன்னலோரத்தில்தான் மனைவியின் மேஜை. கம்பெனிக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. நாள் முழுக்க இயர்போனோடு குடித்தனம் நடத்துபவள். பஞ்சின் ஜாதகம் அவளுக்கு அத்துப்படி.

"பஞ்சு அழுக்காயிருக்கும்," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஈரத்துணியால ஒத்தி எடுத்தா போதும். ஊற வைக்காதீங்க."

வாத்தியார் காதில் விழுந்தது: "பஞ்சு... ஈர... ஊற வை...ங்க."

மழைக்காலம் முடிந்ததிலிருந்தே அவள் இப்படித்தான். வாய்க்குள்ளேயே பேசுகிறாள். என்ன கோபம் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. வண்டியில் வலது பக்கம் உட்கார்ந்து, "சார், இது கிளட்சா, பிரேக்கா?" என்று உயிர் போகிற குரலில் கேட்பவர்களின் பேச்செல்லாம் அவருக்குத் துல்லியமாகக் கேட்கிறது. மனைவி பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றால் அது யார் குற்றம்?

ஆனாலும் இன்றைக்கு அவளே வாய் திறந்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். அதை அட்சரம் பிசகாமல் செய்தால் கோபம் தணியும். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, சோப்புத் தூளைக் கலக்கி, இரண்டு பஞ்சையும் உள்ளே போட்டார்.

தண்ணீர் குடிக்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்து நின்றாள். பஞ்சு இரண்டும் உப்பி, முழி பிதுங்கி மிதந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"நீ சொன்னபடியே ஊற வெச்சுட்டேன்!"

"நானா சொன்னேன்? ஊற வைக்காதீங்கன்னுல்ல சொன்னேன்!"

நேருக்கு நேர் நின்று கத்தியதால் இது நன்றாகவே கேட்டது. வாத்தியாருக்கும் சுருக்கென்று ஏறியது. "வைங்கன்னு சொல்லிட்டு இப்ப வைக்காதீங்கங்கறியே. சிக்னல் போடறது ஒரு பக்கம், திரும்பறது ஒரு பக்கமா?"

அவள் ஒரு பெருமூச்சோடு தன் நாற்காலிக்குப் போனாள். போன பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி, எடுங்க. பிழிஞ்சுடாதீங்க. துணில வெச்சு மெதுவா அமுக்கி, நிழல்ல விடுங்க. வெயில்ல வைக்காதீங்க."

"பிழிஞ்சு... விடுங்க. வெயில்ல வை...ங்க."

வாத்தியார் பிழிந்தார். ஈரத்துண்டைப் பிழிவது போல இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். வாசலில் நின்ற பயிற்சி வண்டியின் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அதன் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, அன்று வண்டி ஓட்டப் பழக வேண்டிய தையல்காரர் வந்து சேர்ந்தார். சாவியை வாங்கினார், கண்ணாடியைச் சரிசெய்தார், வண்டியைக் கிளப்பினார். கூரையில் என்ன இருக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரு முனை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"நிறுத்துங்க!"

வாழ்க்கையில் முதல் முறையாக, வாத்தியாருக்கு முன்னால் மாணவர் பிரேக்கை அமுக்கினார். வண்டி குலுங்கி நிற்க, ஒரு பஞ்சு முன்கண்ணாடியில் உருண்டு வந்து சாலையில் விழுந்தது. இன்னொன்று போன இடம் தெரியவில்லை.

"சார், என் பிரேக் எப்படி?" என்றார் தையல்காரர், முகமெல்லாம் பூரித்து.

வாத்தியார் அதற்குள் இறங்கியிருந்தார். சாலையில் மண்டி போட்டு, பின்னால் வந்த வண்டிகள் அத்தனையும் ஹார்ன் அடிக்க, பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பஞ்சு காய்ந்த மிளகு போல இறுகி, மண்ணும் தாரும் அப்பியிருந்தது. மனைவியின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, திருட்டுமுழி முழித்தபடி அதை நீட்டினார். அவள் விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அமுக்கினா மெதுவா பழையபடி உப்பி வரணும். இது வரல. போச்சு. இதோட ஆயுசே சில மாசம்தான், நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க. வேற வாங்கிடுங்க." மறுபடி திரைக்குத் திரும்பினாள். "ஸ்பிரிட் கிஸ்பிரிட் போட்டுடாதீங்க."

"...வேற... ஸ்பிரிட் கிஸ்பிரிட் போட்டு...ங்க."

காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் அலமாரியில் இருந்தது. அதை நனைத்துத் தேய்த்தார். அழுக்கு போனது. தொடர்ந்து தேய்த்தார். பஞ்சும் போனது. உள்ளங்கையில் கொஞ்சம் பொடி மிச்சம்.

இந்த முறை அவள் கத்தவில்லை. பொடியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எதைச் சொன்னாலும் அதுக்கு நேர்மாறா பண்ணணும்னு சபதமா?"

"நீ சொன்னதைத்தாம்மா செஞ்சேன்!"

"இதுவரைக்கும் கேட்டதுக்கும் சேர்த்து இன்னிக்கு எனக்குப் பதில் கிடைச்சிடுச்சுங்க," என்றாள். குரல் லேசாக உடைந்தது. எதைக் கேட்டாள், எப்போது கேட்டாள் என்று வாத்தியார் விசாரிக்க வாயெடுப்பதற்குள், துணி காயப்போடப் பின்பக்கம் கிளம்பிவிட்டாள். அவருக்கு இடது பக்கமாகக் கடந்து போகையில், "என்னோட பஞ்சை மட்டும் எடுத்துடாதீங்க. துளை பெரிசு, உங்க இயர்போன்ல நிக்காது," என்றாள்.

"என்னோட பஞ்சை... எடுத்து...ங்க."

இத்தனை கோபத்திலும் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறாளே! இப்படி ஒருத்தியோடு மல்லுக்கு நின்றோமே என்று தன்னையே நொந்துகொண்டார். அவள் மேஜையிலிருந்த இயர்போனிலிருந்து, அன்றாடம் துடைத்துப் பூப்போல வைத்திருந்த பஞ்சைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டினார். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பாசமாகக் கொடுத்ததில் குறை பார்க்கக் கூடாது.

மறுஒலிபரப்பு தொடங்கியது. வலது காதில் துப்பறிபவர். இடது காதில் அதே ஈ. வாத்தியார் இயர்போனை இன்னும் உள்ளே தள்ளினார். ஈ இன்னும் மெலிந்தது. திருகித் தள்ளினார். சுத்தமாக நின்றுபோனது. சரி, எடுத்துவிட்டு மறுபடி வைப்போம் என்று இழுத்தார்.

இயர்போன் வந்தது. பஞ்சு வரவில்லை.

கொண்டை ஊசியால் நெம்பினார். அது வழிவிட்டு இன்னும் உள்ளே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

துணிக்கூடையோடு வந்த மனைவி, பஞ்சில்லாத தன் இயர்போனையும், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்த கணவரையும் பார்த்தாள். கைப்பையை எடுத்தாள். "கிளம்புங்க," என்றாள்.

காது டாக்டரின் கிளினிக்கில் கூட்டம். சுவரோரமாக இரண்டே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. இடது பக்கத்து நாற்காலியில் வாத்தியார் பொத்தென்று உட்கார, அவள் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன்," என்றாள்.

வாத்தியார் திடுக்கிட்டார். அவள் சொன்னதைக் கேட்டு மட்டுமல்ல, அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்காகவும்தான். எத்தனை மாசம் கழித்து வாய்திறந்து பேசுகிறாள்!

"எங்க கிளம்பறே?"

"எங்கயா? எங்க ஆபீஸை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அங்க வந்தா பெரிய பொறுப்பு தர்றேன்னாங்க. நான் வேற ஊருக்கு மாத்திக்கட்டுமான்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன்? சாப்பிடறப்ப கேட்டேன், படுக்கறப்ப கேட்டேன். தாராளமா மாத்திக்கோ, எனக்கென்னன்னு சொன்னீங்களே!"

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "ஊரா? தலகாணிக்கு வேற உறை மாத்திக்கட்டுமான்னு கேக்கறேன்னுல்ல நெனச்சேன்!"

"தலகாணி உறைக்கு யாராவது அழுதுகிட்டே அனுமதி கேப்பாங்களா?"

"எனக்கும் அதான் ஆச்சரியமா இருந்துச்சு. அந்தப் பழைய உறை மேல உனக்கு அவ்வளவு பாசமான்னு..."

அவள் சிரித்திருப்பாள். உதடு அதற்குத் தயாரானது. ஆனால் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு காத்திருந்தேன். நீங்க என்னடான்னா என் பேச்சையே காதுல வாங்க மாட்டேங்கறீங்க."

"நீ முணுமுணுத்தா எப்படி வாங்கறது? காதுல விழற மாதிரி பேசினாத்தானே!"

"நான் எங்க முணுமுணுத்தேன்? தெருவுக்கே கேக்கற மாதிரிதான் பேசறேன்!"

"வண்டியில வர்றவங்க பேசறதெல்லாம் எனக்கு நல்லாத்தானே கேக்குது? உன் ஒருத்தி பேச்சு மட்டும்..."

"அப்ப நான் சொல்றதை மட்டும் கேக்கப் பிடிக்கலைன்னு அர்த்தம்!"

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழாயைக் காதில் நுழைத்தார். காதுக்குள் தெரிந்ததெல்லாம் பக்கத்துத் திரையில் பெரிதாக வந்தது. நர்ஸ் திரைக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றாள். மனைவி கதவோரம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

இடுக்கி உள்ளே போனது. ஒரு சின்ன இழுப்பு. பஞ்சு தட்டில் விழுந்தது.

"அவ்வளவுதான்," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றத் தொடங்கியபடி. "இப்ப நல்லா கேக்குதா?"

வாத்தியார் காதைத் தேய்த்துக்கொண்டார். "அப்படியேதான் இருக்கு டாக்டர். ஆனா கோளாறு காதுல இல்ல." மனைவியின் முதுகைப் பார்த்தார். "எங்க வீட்ல இவங்கதான் மாசக்கணக்கா வாய்க்குள்ளயே பேசறாங்க."

மனைவி விருட்டென்று திரும்பினாள். "பாத்தீங்களா டாக்டர்? இதுக்கு மேல நான் இவரோட இருக்கணுமா?"

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது தன் மருத்துவத்தில் சேராது என்பது போல எழுந்தார். நர்ஸ் மட்டும், காதின் கடைசிப் படம் அப்படியே நின்றிருந்த திரையை விட்டு நகரவில்லை. மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டாக்டர், கையுறையைக் கழட்டாதீங்க, அந்தப் பஞ்சுக்குப் பின்னாடி இன்னொரு பஞ்சு இருக்கு, இது போய் உக்காந்து மாசக்கணக்காகியிருக்கும் போலிருக்கே!"