கொடியைப் பார்த்துக் குடியேறிய கதை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நலம் விசாரிப்பது மரபு; ஆனால் ஊராருக்கெல்லாம் வீடு பார்த்துச் சொல்லும் உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல்? போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நீங்கள் இடையில் புகுந்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே என் பெட்டிகளைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, ஊரையே கட்டித் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. அது தனிக் கணக்கு. உங்கள் பேட்டைக்கே குடிவரச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். "அமைதியான ஏரியா, ஈ காக்கா தொந்தரவு இருக்காது" என்றீர்கள். ஈ காக்காவுக்கே பிடிக்காத இடத்தில் நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும்? உங்கள் மருமகள் இங்கு வந்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலைத் தாண்டினால் அம்மாவின் துப்பட்டாவுக்குள் தலை, வாய்க்குப் பூட்டு. விளையாட நாலு பிள்ளைகள் இருக்கிற தெருவாகப் பிடிக்காவிட்டால் இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று எங்களுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் உங்கள் தங்கை ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தாள். "பள்ளிக்கூடம் எப்படி, கடை எவ்வளவு தூரம்னு கேட்டுக்கிட்டே இருந்தா ஆகாது. துணி காயற கொடியைப் பாருங்க. சின்னச் சட்டை காஞ்சா அங்க பிள்ளை இருக்கு." படித்தவன் நான், மறுத்திருக்க வேண்டும். மறுத்தால், "அப்ப எங்க அண்ணன் சொன்ன இடத்துக்கே போயிடலாம்" என்பாள். ஆகவே அண்ணாந்தபடி தெருத்தெருவாக நடந்தோம். ஒரு மாடியிலிருந்து ஓர் அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்க, நான் என் அரைகுறைப் பேச்சில், உங்கள் துணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உண்மையைச் சொல்ல, அவர் துணியோடு கொடியையும் அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கடைசியில் ஒரு வீடு கிடைத்தது பாருங்கள், தோட்டம் முழுக்க ஐந்தாறு கொடி, அத்தனையிலும் குட்டிக் குட்டிச் சட்டை, பாவாடை, காலுறை. "பள்ளிக்கூடமே நடத்தலாம்" என்றாள் உங்கள் தங்கை. அதற்கு எதிர்வீட்டை அன்றே பேசி முடித்தோம்.

குடிவந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. பழைய குழந்தை உடுப்புகளை வாங்கித் துவைத்து, கிழிசல் தைத்து, சந்தையில் விற்கிற வயதான தம்பதி. தெருவிலேயே சின்னவர் யாரென்றால் குழாய் ரிப்பேர்க்காரர். அவருக்கே தலை முழுக்க நரை. "எங்க அண்ணன் பேச்சைக் கேட்டிருக்கலாம்" என்றாள். "உங்க அண்ணன் பேச்சைக் கேட்டு உருப்பட்டவன் ஒருத்தனைக் காட்டு" என்றேன்.

ஒரு மாலை எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு கம்பளிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அளவு தெரியாமல் முழித்தார். வேலி ஓரம் நின்ற நம் பெண்ணைப் பார்த்தார். நீட்டினார். போட்டுக்கொண்டாள், நெளிந்தாள், இடுப்பில் கை வைத்தாள். "தாத்தா, இது குத்துது." தமிழில்தான். அவருக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார். "இதுல கைய தூக்கினா வயிறு தெரியுது." இன்னொன்று வந்தது. ஜன்னலோரம் உங்கள் தங்கை என் தோளில் அடித்து, "பேசறா, பேசறா" என்றாள். எனக்கும் காது கேட்கும் என்று சொல்லிவிட்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

இப்போது தினமும் அங்கே இவள் ராஜ்ஜியம். எந்தச் சட்டை சந்தைக்குப் போகலாம் என்பது இவள் தீர்ப்பு. தெருவில் இருக்கிற ரிட்டயரான பஸ் டிரைவரும் மருத்துவச்சியம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் மொழியும் வந்துவிட்டது. கடையில் நான் தக்காளி கேட்டால், "அப்பா, அப்படி இல்ல, நீ சும்மா இரு" என்கிறாள். வாய் ஓய்வதில்லை. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு பேச்சு கிடையாது. எல்லாம் உங்கள் பக்கத்து ரத்தம்.

ஆகவே இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம், சரியாகவே தேர்ந்தெடுத்தோம். இனி யோசனை சொல்ல வேண்டாம். உங்கள் அமைதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியாருக்கு என் வணக்கம், பையன்கள் இருவருக்கும் என் ஆசிகள். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

பின்குறிப்பு: எங்கள் பக்கத்து வீட்டு மாடி அடுத்த மாதம் காலியாகிறது. எதிர்வீட்டில் பெரிய அளவுச் சட்டைகள் போட்டுப் பார்க்க ஆளில்லாமல் மூட்டையாகக் கிடக்கின்றன. உங்கள் பையன்களுக்குச் சரியாக இருக்கும். உங்கள் மருமகளும் "மாமா எப்ப வருவாங்க" என்று நச்சரிக்கிறாள். வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன். நான் கூப்பிட்டேன் என்று நாளைக்கு நாலு பேர் நடுவில் இந்தத் தாளைத் தூக்கிக் காட்டுவீர்கள் என்பதால், கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.