அடிப்பிடித்த பானையும் அக்காவின் ஆணையும்

அன்பையும் அதட்டலையும் சரிபாதியாய்க் கலந்து என்னை வளர்த்த அக்காவுக்கு, கடல் தாண்டி வந்த உன் தூதுவனும் ஒரே தம்பியுமானவன் வணங்கி எழுதுவது. நான் நலம். அத்தானின் முழங்கால் நலமா?

"சரித்திரம் படிக்கிறேன்னு போய் வெளிநாட்டுல குழி தோண்டுறா. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா" என்றாய். வந்தேன். உன் மகள் குழிக்குள் உட்கார்ந்து சின்ன பிரஷ்ஷால் மண்ணுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். இந்த வேகத்தில் நம் வீட்டுக் கிணற்றை வெட்டியிருந்தால் அத்தான் இன்னும் மாப்பிள்ளைக் குளியலுக்குக் காத்திருப்பார். சும்மா இருக்க முடியுமா? கூடாரத்து மேசையில் ஓர் உடைந்த பானை, உள்ளே கரி அப்பிக் கிடந்தது. குழந்தை எத்தனையைத்தான் கழுவுவாள் என்று மனம் இளகி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன் பார், மூவாயிரம் வருஷத்தில் அதை யாரும் அப்படித் தேய்த்திருக்க மாட்டார்கள்.

மருமகள் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"மாமா, அது அழுக்கு இல்ல. அந்தக் காலத்துச் சாப்பாடு, அடிப்பிடிச்சது. அத வச்சுத்தான் என்ன சமைச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"இத்தனை நாளா கழுவாமயா போட்டு வச்சிருந்தீங்க?"

அதற்குள் இந்தக் குழிகளுக்கெல்லாம் தலைவியான பேராசிரியை வந்துவிட்டார். அந்த அம்மாள் கால் மணி நேரம் அவர் பாஷையில் இடி இடித்தார். மருமகள் அதைச் சுருக்கித் தந்தாள்: "போகச் சொல்றாங்க."

"என்னையா?"

"என்னையும் சேர்த்து."

அக்கா, வந்த காரியம் பழமாய்க் கனிந்து மடியில் விழுந்த நேரம் அது. பெட்டியைக் கட்டச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆனால் அவள் அழக்கூட இல்லை. பிரஷ்ஷைத் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினாள். அவ்வளவுதான். உன் தூதுவன் கட்சி மாறினான். மண்டியிட்டு, கைகூப்பி, "என்னை நாடு கடத்துங்க தாயே, பிள்ளையை விடுங்க" என்று தமிழிலேயே கதறினேன். கதறலைத் தாங்க மாட்டாமல் அந்த அம்மாள் பானையை வெளிச்சத்தில் திருப்பினார். அடி மூலையில் விரல் நகமளவு கரி தப்பியிருந்தது. என் கைக்கு எட்டாத இடம் என்று சரித்திரம் சொல்லட்டும்; சோம்பல் என்று நீ சொல்வாய். சோதனைக்கு அது போதுமாம். மருமகளை மன்னித்தார்.

மற்றபடி கவலை வேண்டாம். உன் ஆணைப்படி வெள்ளிக்கிழமை விமானத்தில் அவளோடு வந்து இறங்குகிறேன். அத்தானுக்கு என் நமஸ்காரம், வீட்டுப் பொடிசுகளுக்கு ஆசி.

உன் சொல் தட்டாத தம்பி

பி.கு.: விமானத்தில் நான் மட்டும் வருகிறேன். படிப்பு முடியும்வரை அவள் இருக்கலாம் என்று உன் சார்பில் வாக்கும் கொடுத்துவிட்டேன். விமான நிலையத்துக்கு அத்தானை மட்டும் அனுப்பு. உனக்கு எதற்கு வீண் அலைச்சல்.