கோழியூசி நிபுணர்

நம் பக்கத்தில் ஓர் இனம் கண்டபடி பெருகிக்கொண்டிருக்கிறது. கோழியைச் சொல்லவில்லை. கோழியைப் பற்றிச் சொல்கிறவர்களைச் சொல்கிறேன்.

கோழியூசி நிபுணரை நீங்கள் விருந்துப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயை ஓரமாக ஒதுக்கி, கறியை மட்டும் தேடியெடுத்து, மென்று, விழுங்கி, இன்னொரு கரண்டிக்கு இலையைக் காட்டிவிட்டு, பக்கத்து இலைக்காரரிடம், "பிராய்லருங்க. அத்தனையும் ஹார்மோன் ஊசி" என்பார். கேட்டவர் கையை உதறுவார். இவர் உதறமாட்டார். மகன் உயரமாக வேண்டுமென்று டப்பா டப்பாவாகப் பவுடர் கரைத்துக் கொடுப்பவரும் இவர்தான். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கிறாரா? கோழியைப் பற்றிப் படிக்கவே நேரம் போதவில்லையே!

கோவை காந்திபுரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மோகன்குமார் இந்த இனத்தின் அசல் மாதிரி. போன சித்திரையில், நானும் இருந்த அவருடைய வாட்ஸப் குழுவில் ஒரு வதந்தி: போத்தனூரைத் தாண்டி ஒரு பண்ணையில் ஊசி போட்டே கோழியை ஊதவைக்கிறார்களாம். "நேர்லயே போய்ப் பார்த்துபோட்டு வந்தரலாமுங்க" என்றேன். வதந்தியைச் சரிபார்ப்பதா? அவர் முகம் சுருங்கியது. வீடியோ எடுக்கலாம் என்றதும் காரை எடுத்தார்.

பண்ணைக்காரர் பொற்கொடி. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். இவர் வளர்த்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். செத்த கோழிக்குக் கூலி இல்லை. மறுநாள் லாரி ஏறவேண்டிய கோழிகள் கொட்டகை நிறைய நின்றன.

"ஊசியெல்லாம் எங்கீங்க அம்மணி?" என்றார் மோகன்குமார்.

"இத்தனையவும் ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குத்தோணும்னா உங்க ஊட்டாளுகளையும் கூட்டிட்டு வாங்கண்ணா" என்று சிரித்தார் பொற்கொடி. "ரகமே அப்படிங்க, தின்னா வளரும். சளி புடிச்சாத் தண்ணில மருந்து கலக்கறோம். அது கறியில தங்குமான்னு கேளுங்க, நாயமான கேள்வி. டாக்டரையே போன்ல கூப்புட்டுத் தாரேன்."

நியாயமான கேள்வி என்றதும் நிபுணருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "இருந்தாலும் என்னமோ இருக்குதுங்க" என்று கொட்டகைக்குள் நுழைந்தார்.

வெக்கை தணிய மேலேயிருந்து தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. செல்போன் நனைந்துவிடுமே என்று, வெயிலுக்குக் கொண்டுவந்திருந்த குடையின் பட்டனை அழுத்தினார். படார்! கொட்டகை மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது.

"குடையை மடக்குங்கண்ணா! அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்துருமுங்க!"

பொற்கொடி குவியலில் பாய்ந்து இரண்டு கையாலும் பிரித்துப் போட்டார். நானும் அள்ளினேன். நிபுணரோ குடைக்கடியில் நின்று படம் பிடித்தபடி, "பாருங்க, ஹார்மோன் ஏறினா இப்படித்தான் வெறி புடிக்கும்" என்று விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹார்மோன் ஏறியது உண்மைதான். பயத்தில் ஏறுகிற ஹார்மோன். அதற்கு ஊசி வேண்டாம், ஒரு நிபுணர் போதும்.

மேலே கிடந்தவை எழுந்து நடந்தன. அடியில் கிடந்தவை எழவில்லை.

வீடியோ ஊரெல்லாம் போனது. கம்பெனிக்கும் போனது. விவரம் தெளியும்வரை அந்தக் கொட்டகைக்குக் குஞ்சு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பொற்கொடி மோகன்குமாருக்குப் போன் செய்தார். அப்போது அவருடைய கடையில் நானும் இருந்தேன், ஸ்பீக்கரில் பேசினார்.

"செத்ததுக்கு ஒண்ணும் கேக்கலீங்கண்ணா. ஊசி எதையும் பார்க்கலைன்னு உங்க குரூப்புல ஒரு வரி போட்டுருங்க. அதைக் காட்டினாக் குஞ்சு உட்டுருவாங்க."

"ஒரு வரிதானுங்க அம்மணி? இப்பவே போட்டர்றேன்."

அதற்குப் பிறகு அவர் தினமும் காலை வணக்கம் போட்டிருக்கிறார். தர்பூசணியில் சாயம் என்று போட்டிருக்கிறார். அந்த வரியைக் காணோம். சரி, பார்த்தவன்தானே என்று நான் ஒரு வரி போட்டேன். 'கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்குனீங்க?' என்று கேட்டுவிட்டு என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

நீங்கள் அவரைப் போன்றவர் இல்லை. தெரியும். ஆனால் இவ்வளவையும் படித்த பிறகும் மனசுக்குள், 'இருந்தாலும் என்னமோ...' என்று ஒரு குரல் கேட்கிறதே, அது யாருடையது? அந்த வீடியோ உங்களுக்கும் வந்ததுதானே? வந்ததை நாலு பேருக்கு அனுப்பினீர்கள்தானே?

பொற்கொடியின் கொட்டகை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு வரி பாக்கி.