தரைமட்டத்துக்கு உயர்ந்த விமானம்

பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். இத்தனை மணி நேரம் ஒரு கீறல்கூட விழாமல் பறந்த உளவு விமானப் பிரிவு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மலையில் மோதவில்லை. கடலில் விழவில்லை. ஒரு காக்கைக்குக்கூட இடைஞ்சல் செய்யவில்லை. இந்தச் சாதனைக்குக் காரணம் ஒன்றுதான். பறந்தவர்கள் விமானிகள், விமானம் பறக்கவில்லை. அது கொட்டகையில் 'பராமரிப்பில்' இருந்தது.

விமானிகள் பறந்தது நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கேன்டீனுக்கு அடுத்த அறையில். அங்கே கழுத்தோடு வெட்டியெடுத்த விமானத் தலை ஒன்று சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தது. அதன் முழுப்பெயர் 'தரைவழிப் பறத்தல் பயிற்சி அமைப்பு'. ஊழியர்கள் சிமுலேட்டர் என்றார்கள். மெத்தை இருக்கை, ஏசி, காபி டம்ளர் வைக்க ஒரு வளையம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மஞ்சள் பட்டன். திரையில் மலை நெருங்கி வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். மலை அப்படியே நின்றுவிடும். விமானி இறங்கிப் போய், முகம் கழுவி, காபி குடித்து, நாலு பேரைக் கலந்து பேசி, திரும்பி வந்து மலையைச் சுற்றிக்கொண்டு போவார்.

இந்த எந்திரத்தைக் கவனித்துக்கொண்ட இளம் பொறியாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'மியூட்'. அவள் பேசுவாள், யாருக்கும் கேட்காது. கூட்டங்களில் அவள் எதையாவது மறுத்துப் பேசினால், குறிப்பெடுப்பவர் உதடு அசைவதை மட்டும் பார்த்து 'உறுப்பினர் ஆமோதித்தார்' என்று எழுதிக்கொள்வார். இப்படி அவள் எதிர்த்த திட்டங்கள் அனைத்தும் ஏகமனதாக நிறைவேறின.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிரிவின் ஆண்டு விழாவில் விமானம் மேடைக்கு மேலே பறக்க வேண்டும். நிஜ விமானம். நிஜ வானம். ஓட்டுவதற்குத் தேர்வானவர் மியூட்டின் சொந்த அண்ணன்.

பிரிவின் தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும் என்பதால் அவருக்கு 'மேம்பாடு' என்றே பெயர்.

“விமானிகள் ஒரு குறை சொல்றாங்க,” என்றார் மேம்பாடு. “நிஜ விமானம் சிமுலேட்டர் மாதிரி இல்லையாம். உள்ள புழுக்கம். காபி வைக்க இடம் இல்ல. முக்கியமா, மஞ்சள் பட்டன் இல்ல.”

“அடப்பாவமே! பட்டன் இல்லாம மனுஷன் எப்படிங்க பறப்பான்?” என்று பதறினார் கணக்கு அதிகாரி.

“அதான் சொல்றேன். விமானிகள மாத்த முடியாது. விமானத்த மேம்படுத்திடலாம். இன்னையிலேருந்து நம்ம கொள்கை, 'தரையே தரம்'. சிமுலேட்டர்ல இருக்கிற எல்லாம் விமானத்துல இருக்கணும். சிமுலேட்டர்ல இல்லாத எதுவும் விமானத்துல இருக்கக் கூடாது.”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. விமானத்தைத் தரைமட்டத்துக்கு உயர்த்தும் மாபெரும் திட்டம் இப்படித்தான் பிறந்தது.

மியூட் எழுந்தாள். “சார், வானத்துல விமானத்த நிறுத்த முடியாது. நின்னா விழுந்துடும்.”

“என்ன சொல்றாங்க?” என்றார் மேம்பாடு.

“பட்டன அவங்களே வச்சுக் குடுத்துடறாங்களாம்,” என்றார் குறிப்பெடுப்பவர்.

மறுபடியும் கைதட்டல்.

அன்று வேலை முடிந்ததும் அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சோபாவில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தார். முகத்தில் விழாக் களை வந்திருந்தது.

“அண்ணா, நீ நிஜமா எப்பவாவது பறந்திருக்கியா?”

“என்ன பாப்பா இப்படிக் கேக்கற? நம்ம பிரிவுலயே அதிக மணி நேரம் பறந்தவன் நான்தான்.”

“அது என் ரூம்ல.”

“ரூம்ல பறந்தா பறந்ததில்லையா? போன வாரம்கூட புயல்ல மாட்டினேனே. நீதானே பக்கத்துல உக்காந்து நிதானமா வேர்க்கடலை தின்னுட்டிருந்த.”

“மேல போனதும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?”

“பட்டன அமுக்குவேன்.”

“பட்டன் வேலை செய்யாதுண்ணா.”

“ஏன், ஃபியூஸ் போச்சா? மாத்திடு,” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அண்ணி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

“நேத்து என்னை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனார். எதிர்ல லாரி வருது. இவர் பிரேக்க விட்டுட்டு ஹேண்டில்பார்ல எதையோ தேடறார். என்னங்க தேடறீங்கன்னா, மஞ்சள் பட்டன்ங்கறார். நான் கத்தின கத்துல லாரிக்காரன்தான் ஒதுங்கிப் போனான். வானத்துல யார் ஒதுங்குவா, சொல்லு?”

“நான் சொல்லிப் பாத்தேன் அண்ணி.”

“அவர் யார் சொன்னாலும் கேக்க மாட்டார். நீ சொன்னா யாருக்கும் கேக்காது. உங்க குடும்பத்துல வாக்கப்பட்டு நான் எந்தச் சுவர்ல போய் முட்டிக்க?” அண்ணி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். “எனக்கு ஒண்ணுதான் வேணும். போனவர் திரும்பி வரணும்.”

மறுநாள் காலை மியூட் அலுவலகத்தில் கொள்கையை எடுத்துப் படித்தாள். முதல் வாக்கியத்தை எல்லோரும் படித்திருந்தார்கள். அவள் இரண்டாவதைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு கொட்டகைக்குப் போய், தலைமை மெக்கானிக்கிடம் ஒரு வேலை சொன்னாள். அவரை எல்லோரும் 'ஸ்பேனர்' என்பார்கள்.

ஸ்பேனர் காதைக் குடைந்துகொண்டார். “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு.”

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

“சரியாத்தான் கேட்டிருக்கு,” என்ற ஸ்பேனர் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். “கொள்கை அப்படியா சொல்லுது?”

“எழுத்துக்கு எழுத்து.”

“அப்ப செஞ்சிடலாம். நமக்கென்ன.”

அது என்ன வேலை என்பதை நாட்டின் பாதுகாப்பு கருதி இங்கே சொல்வதற்கில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் செய்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அதன் பிறகு ஆய்வுக் குழு வந்தது. வந்தது என்றால் சும்மா வந்துவிட்டுப் போகவில்லை. மூன்று முறை வந்தது. இருக்கையில் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். ஏசிக் காற்றில் கழுத்தை நீட்டினார்கள். வளையத்தில் காபி டம்ளரை வைத்து, ஆட்டி, சிந்தவில்லை என்று உறுதி செய்தார்கள். பட்டனின் மஞ்சள் சற்று வெளிறியிருப்பதாக ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார். அதை விவாதிக்கத் துணைக் குழு அமைக்கப்பட்டது.

“கிளப்புங்க பாப்போம்,” என்றார் மேம்பாடு.

மியூட் ஒரு விசையைத் தட்டினாள். கொட்டகை அதிர்ந்தது.

“ஆகா! சிமுலேட்டர்ல வர்ற அதே சத்தம்! ஒரு பிசிறு இல்ல!” மேம்பாட்டுக்குக் கண் கலங்கியது. “எரிபொருள் எவ்வளவு குடிக்குது?”

“ஒண்ணும் குடிக்கல சார்,” என்றாள் அவள்.

“கம்மியாத்தான் குடிக்குதாம்,” என்றார் குறிப்பெடுப்பவர்.

கணக்கு அதிகாரி விமானத்தின் வாலில் சாய்ந்தார். விமானம் நகர்ந்துவிட்டது. “என்னங்க இது, பஞ்சு மாதிரி இருக்கு!” என்று வியந்தார். 'எடை மேலாண்மையில் புரட்சி' என்று அறிக்கையில் ஒரு தனிப் பத்தி சேர்ந்தது. மூன்று முறையும் எல்லோரும் 'பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்திட்டார்கள்.

விழா நாளும் வந்தது. மேலிடமே நேரில் எழுந்தருளியது. பார்த்தால் குட்டையான மனிதர்; மேடையில் அவருக்கு மட்டும் உயரமான நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அண்ணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமானியோடு பேசும் மைக் மியூட்டின் மேசையில் இருந்தது. விமானியின் வீர உரையை மக்களும் கேட்கட்டும் என்று அதை மைதானத்து ஒலிபெருக்கிகளோடு இணைத்திருந்தார்கள்.

அண்ணன் சல்யூட் அடித்து ஏறினார். விமானம் முழங்கியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பார்த்தது. விமானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாப்பா,” என்றது ஒலிபெருக்கி, “முழு வேகம் குடுத்துட்டேன். மேடை இன்னும் அங்கேயேதான் இருக்கு. யாராவது நிறுத்தி வச்சிருக்கீங்களா?”

மேம்பாடு சமாளித்தார். “ஐயா, இப்ப நீங்க பாக்கறதுதான் எங்க நிறுத்தும் வசதி. சத்தம் ஓடுது, விமானம் நிக்குது!”

“பிரமாதம்!” என்றார் மேலிடம். “எவ்வளவு நேரம் இப்படி நிக்கும்?”

“நீங்க சொல்ற வரைக்கும் ஐயா.”

“சரி, நான் சொல்லிட்டேன். பறக்கச் சொல்லுங்க.”

மேம்பாட்டின் முகம் பட்டன் நிறத்துக்கு வந்தது. அவர் ஸ்பேனரைக் கூப்பிட்டார். “லாரியில கயிறு கட்டி இழுங்கய்யா. வேகம் புடிச்சா தானா எழும்பிடும்.”

“ஓடுபாதை முடியற இடத்துல பள்ளம் சார். அறுபதடி இருக்கும்.”

“பள்ளம் வந்தா இன்னும் சுலபமா எழும்பும். இழுங்க!”

லாரி வந்தது. கயிறு கட்டினார்கள். அண்ணன் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னொரு கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக இருந்தது. லாரி உறுமியது. மூன்றாவது வரிசையில் அண்ணி எழுந்து நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

மியூட் மைக்கை இழுத்து வாயோடு ஒட்டிக்கொண்டாள்.

“நிறுத்துங்க.”

மைதானத்தின் நாலு மூலையிலிருந்தும் அந்தக் குரல் வந்தது. லாரி நின்றது. கூட்டம் நின்றது. குறிப்பெடுப்பவரின் பேனாவும் நின்றது. இவ்வளவு காலமாக அவள் குரல் இப்படித்தான் இருந்தது என்பது அன்றுதான் அலுவலகத்துக்குத் தெரிந்தது.

“எதுக்கும்மா நிறுத்தணும்?” என்றார் மேலிடம். “விமானத்துக்கு என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல சார். கொள்கைப்படி சரியா இருக்கு. சிமுலேட்டர்ல இல்லாதது விமானத்துல இருக்கக் கூடாதுன்னாங்க. சிமுலேட்டர்ல எஞ்சின் கிடையாது. அதனால விமானத்துல இருந்த ரெண்டு எஞ்சினையும் போன மாசமே கழட்டிட்டோம். நீங்க கேக்கற சத்தம் ஸ்பீக்கர்லேருந்து வருது.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். “கழட்டினதுக்கு அப்புறம்தான் சார் இவங்க எல்லாரும் மூணு தடவை வந்து பாத்து, எங்க அண்ணன் இதுல பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டாங்க.”