தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போன நாள்

எந்த வேலையிலும் நிலைப்பதைவிட அதை விட்டுப் போவதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இரண்டு வருடம் பால் வெட்டிவிட்டு அதையும் விட்டேன். பாரிட் புந்தாரில் அரிசி ஆலை, தெலுக் இந்தானில் மீன் சந்தை என்று பட்டியல் நீளும். (பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமல்தான்.) எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில், ஒரு தொலைபேசிதான் என்னைப் போக விடாமல் பிடித்து நிறுத்தியது.

அங்கே ஒரு கூட்டாளியோடு லாரி வாடகைத் தொழில் தொடங்கியிருந்தேன். லாரி அவருடையது, வாய் என்னுடையது. தொலைபேசிக்கு எழுதிப் போட்டு எட்டு மாதம் காத்திருந்தோம். அது வந்து சேர்வதற்குள் கூட்டாளி லாரியை விற்றுவிட்டார். நானும் தொலைபேசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் தோட்டத்து நண்பன் மாணிக்கம் வந்தான். சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள், வியாழக்கிழமை ரயில், மூன்று பேருக்கு இடம் இருக்கிறது என்றான். அன்று திங்கட்கிழமை. அப்படியொரு வாய்ப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் இடத்தை முறைப்படி விட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்குத் தெரிந்த முறை தோட்டத்து முறை. கத்தியையும் வாளியையும் ஆபீசில் ஒப்படைத்தால் கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் பெயரை வெட்டிவிடுவார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது நம் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அதோடு தீர்ந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை திருப்புளியோடு தொலைபேசியிடம் போனேன். சுவரில் இருந்த பெட்டி அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். பெட்டி, வயர், ஒரு கை அகலச் சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து வந்தன. அரிசிச் சாக்கில் போட்டுப் பஸ் ஏறினேன்.

தொலைபேசி அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் இடத்தில் ஸ்டெல்லா என்ற தமிழ்ப் பெண் இருந்தார். சாக்கைக் கவிழ்த்தேன். சுண்ணாம்பு அவருடைய ரசீதுப் புத்தகத்தில் கொட்டியது.

"அண்ணே, இது என்னா?"

"ஒங்க போன்லா. ஒப்படைச்சிட்டேன். பேர வெட்டிருங்க."

"யாரு கழட்டுனா?"

"நான்தான்," என்றேன், பெருமையாக.

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா நிதானமாக விளக்கினார். நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் முடியாததால் மீதி மாதங்களின் வாடகையையும் கட்ட வேண்டும். கழற்றுவது அவர்களுடைய ஆள் செய்ய வேண்டிய வேலை. ஆகவே அந்த ஆள் முதலில் வந்து இதைத் திரும்ப மாட்டுவார், அதற்குத் தனிக் கட்டணம். ஒரு மாதம் கழித்து அவரே வந்து முறைப்படி கழற்றுவார்.

"நான் வியாழக்கெழம சிங்கப்பூரு போறேன்லா."

"போங்கண்ணே. பில்லு ஜாமீன் போட்டவருக்குப் போயிரும்."

ஜாமீன் போட்டவர் என் அக்காவின் கணவர். செமோரில் பள்ளிக்கூடக் காவலாளி.

ஸ்டெல்லா ஒரு தாளைக் கொடுத்து, தமிழில் எழுதினால் தானே மலாய் மொழியில் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே கடிதம், பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதம். 'என் தொலைபேசிக்கு அடுத்த மாதம் முதல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதிக் கொடுத்தேன். (வயது இருபத்தாறு.) ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டு மேசைக்கு அடியில் எதையோ வெகுநேரம் தேடினார்.

மச்சானிடம் விஷயத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்றால் போன் என் மடியில் இருந்தது. சாக்கோடு செமோருக்குப் பஸ் ஏறினேன். மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"நீ தாராளமா போலாம்," என்றார். "போறதுக்கு முன்னாடி அந்த ஜாமீன் தாள்ல உள்ள என் கையெழுத்த மட்டும் அழிச்சிட்டுப் போ."

 அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டார். அதற்குப் பிறகு எப்படி ஓடுவது?

வியாழக்கிழமை ரயில் போனது. என் இடத்தில் மாணிக்கத்தின் சித்தப்பா மகன் போனான். வெள்ளிக்கிழமை ஆள் வந்து தொலைபேசியை மாட்டினார். அந்த ஒரு மாதமும் கட்டிய வாடகை வீணாகக் கூடாது என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை மணி அடித்தது. மூன்று தவறான எண்கள். நான்காவது, லாரி கேட்டு ஒரு பலகைக் கடை முதலாளி. லாரி இல்லை என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, லாரி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அவரிடம் பதினோரு வருடம் ஓட்டினேன். நான் நிலைத்த ஒரே வேலை அதுதான்.

மச்சான் இந்தக் கதையை எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறார். ஆரம்பத்தில் நான் கொண்டுபோன சுண்ணாம்பு ஒரு கை அகலம்தான் இருந்தது. பிறகு இரண்டு செங்கல் சேர்ந்தது. என் மகள் கல்யாணத்தில் பாதிச் சுவரையே தோளில் சுமந்துகொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்து முடித்து, அப்புறம் சிங்கப்பூர் என்ன ஆனது என்று கேட்டார்கள். மச்சான் வெற்றிலையை மடித்தபடி என்னைக் காட்டினார்.

"அப்பறம் என்னா, இன்னும் இங்கதான இருக்கான்."