வாசல் பலகையில் ஐம்பத்திரண்டு

வாசல் பலகையில் ஐம்பத்திரண்டு என்று சிவப்பாக எரிந்தது. எட்டரை மணிக்கு அது நாற்பத்தொன்றாக இருந்தது.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐம்பத்திரண்டேதான். சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து தணிக்கை அம்மாள் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அந்தப் பலகையை வைக்கச் சொன்னவரே அவர்தான். தையல் ஆலை அந்த நிமிஷத்தில் எத்தனை கிலோவாட் மின்சாரம் இழுக்கிறது என்று அது தெருவுக்கே காட்டும். பூமி சூடாகிறது, அதனால் தனக்குச் சட்டை தைக்கும் நாற்பது ஆலைகளும் மின்சாரத்தை முப்பது சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று அந்தக் கம்பெனி ஐந்து வருஷத்துக்கு முன் அறிவித்திருந்தது. முப்பத்தொன்பது ஆலைகள் கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. இந்த ஆலை மட்டும் அறுபதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அதுவும் மூன்றே மாதத்தில்.

எல்லாம் ஸ்டிக்கரின் மகிமை. ‘அணைத்தால் பூமி பிழைக்கும்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்து, இருக்கிற ஸ்விட்ச் மேலெல்லாம் அவர் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். தையல் பெண்கள் அவருக்குப் பச்சை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமைதான். இன்று தேறினால் மூன்று வருஷத்துக்கு வேலை நிச்சயம். தேறாவிட்டால் இந்த ஆர்டரோடு ஆலைக்குப் பூட்டு.

முதலாளியால் பிரயோஜனம் இல்லை. மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதிலிருந்து அவர் வீட்டைப் பூட்டிவிட்டு ஆலையிலேயே படுத்துக் கிடந்தார், சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. இந்த முகத்தோடு அவர் தணிக்கைக்கு நின்றால் உருப்பட்டாற்போலத்தான் என்று பச்சையே நேற்று அந்தத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அவருடைய சாதனையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாமா என்று முதலாளியம்மாவிடம் காலில் விழாத குறையாகப் பேசினார். பலித்தது. இன்று ஒன்பது மணிக்கு நாலு பெட்டியோடு கார் வந்து, ஆலைக்குப் பின்னால் இருக்கும் முதலாளி வீட்டு வாசலில் நின்றது. முதலாளி சவரம் செய்துகொள்ள ஓடினார். ஒரு கவலை விட்டது என்று நினைத்தபோதுதான் பச்சையின் கண்ணில் பலகை பட்டது.

விளக்குகளை அணைக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் போதும் என்றார்.

“பச்சை சார், சட்டையில எது முன்பக்கம், எது பின்பக்கம்னே தெரியலை,” என்றாள் மடித்துக்கொண்டிருந்த அக்கா.

“தடவிப் பாருங்கக்கா. பட்டன் இருந்தா முன்பக்கம்.”

நாற்பத்தொன்பது. அவருக்கு உற்சாகம் பிறந்தது. மின்விசிறிகளையும் நிறுத்தினார். நாற்பத்தேழு. இன்னும் ஆறே ஆறு.

ஆனால் அன்றைக்குத் தைத்தது வெள்ளைச் சட்டை. கால் மணி நேரத்தில் அறுபது பெண்களின் நெற்றி வியர்வையும் சட்டைகளில் சொட்டியது. முந்நூறு சட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் தீவு. தணிக்கை அம்மாள் முதலில் கையில் எடுக்கப் போவது அதைத்தான். பச்சை யோசிக்கவில்லை. துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், நீராவி இஸ்திரி எல்லாவற்றையும் போடச் சொன்னார்.

சட்டைகள் வெளுத்தன. பலகை ஐம்பத்தெட்டு என்றது.

இனி முதலாளிதான் வந்து பேசிச் சமாளிக்க வேண்டும் என்று பின்வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்த முதலாளியம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். உள்ளேயிருந்து வந்த குளிர்ச்சி பட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பியது. இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றார்.

“அவர் குளிக்கணும் தம்பி, வெந்நீர் போட்டிருக்கேன். எனக்கும்தான். வர்றவங்க வெறும் கையோட போகக் கூடாது. கேக் ஒண்ணு பண்ணிடறேன். ரெண்டு பேருமா சேர்ந்து வந்துடறோம்.”

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தார். பலகையில் அறுபத்தாறு.

பத்து நிமிஷம்தான் பாக்கி. ஆலையில் இருக்கும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார்.

“சும்மா உக்காந்திருந்தா கேவலமா இருக்காது?” என்றாள் அக்கா.

“சும்மா ஏன் உக்காரணும்? துணியைப் பிடிச்சுக்கிட்டுக் காலை ஆட்டிக்கிட்டே இருங்க. தைக்கிற மாதிரி.”

“சத்தம்? வாயால போடவா?”

ஆலை கட்டிய நாளிலிருந்து வாசலில் நிற்கும் காவல்காரர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, தணிக்கை அம்மாள் உள்ளே வந்தாள். இருட்டில் அறுபது பெண்கள் பேச்சுமூச்சில்லாமல் காலாட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாசலுக்குத் திரும்பிப் போய்ப் பலகையின் முன் நின்றாள். பச்சை பின்னாலேயே ஓடினார்.

பத்தொன்பது.

“ஒரு மெஷின்கூட ஓடலை. ஒரு பல்புகூட எரியலை. அப்போ இந்தப் பத்தொன்பதை யார் இழுக்கிறா?”

“மீட்டர் சூடா இருக்கு மேடம். கொஞ்சம் ஆறணும்.”

அவள் சிரிக்கவில்லை. “அறுபதுல நாப்பத்தொண்ணு போனா எவ்வளவு?”

“பத்தொன்பது,” என்றார் பச்சை.

“மூணு மாசத்துக்கு முன்னாடி இங்க எதையோ செஞ்சிருக்கீங்க. அது என்னன்னு சொல்லுங்க. மத்த முப்பத்தொன்பது இடத்துலயும் அதையே செய்யச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.”

பச்சை வாசல் ஸ்விட்சின் மேலிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். பின்னாலிருந்து கேக் வாசனை வந்தது.

காவல்காரர் பையைக் கீழே வைத்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“ஸ்டிக்கர் இல்லை மேடம். பின்னாடி வீட்டுக்கும் இதே மீட்டர்தான். முதலாளியம்மா கோவிச்சுக்கிட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு, நேத்து நம்ம சார்தான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சாரு.”