ஹார்ட் டிஸ்க் தெரிவுக் குழு

ஒரு பொருளை எப்படி வாங்க வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டிய பெருமை மடவளை ஹுஸைனையே சாரும். திணைக்களமொன்றில் உதவிப் பணிப்பாளராக இருந்தவர் அவர். அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுக்காதவர் என்ற புகழோடு ஓய்வு பெற்றவர்.

வீட்டுக் கம்பியூட்டர் ஒருநாள் 'கர்ர்' என்று முனகத் தொடங்கியது. ஹுஸைனின் மனைவி அஸீமாவுக்கு, கட்டாரில் விபத்தில் மௌத்தான அவளது தம்பி றிஸ்வி அனுப்பிய வீடியோக்கள் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

"கம்பியூட்டர்ல வெளியால பூட்டுற ஹார்ட் டிஸ்க் ஒண்டு வாங்கினா எல்லாத்தையும் அதுல ஏத்தலாமாம். இண்டைக்கே வாங்கிட்டு வாங்களே" என்றாள் அஸீமா.

"வாங்குறது லேசு. தெரிவு செய்றதுதான் பொறுப்பான வேல" என்றார் கணவர்.

அன்றே சாப்பாட்டு மேசையில் 'தெரிவுக் குழு' கூடியது. தலைவர் ஹுஸைன், செயலாளர் மகள் நுஹா. அஸீமாவுக்குப் பார்வையாளர் அந்தஸ்தும், தேநீர் ஊற்றும் முழு அதிகாரமும் வழங்கப்பட்டன.

"உள்ளுக்குச் சுத்துற ரகமா, சுத்தாத ரகமா?" என்று தலைவர் வினவினார்.

"சுத்தாததுதான் வேகம், வாப்பா."

"வேகமா எங்க போகப் போறோம்? அதுக்கு உப குழு ஒண்டு போடுவோம்."

நுஹாவே உப குழுவானாள். அடுத்து, கொள்ளளவு. பேரப்பிள்ளைகள் எடுக்கப்போகும் படங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நுஹாவுக்கு இன்னும் கலியாணம் பேசவில்லை என்பதைக் குழு பொருட்படுத்தவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த பஹீம் பலமுறை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிக் களைத்துப்போனார்.

"சேர், எத எடுத்தாலும் வேல செய்யும்."

"இந்த மனப்பான்மதான் நாட்டக் கெடுத்தது" என்று சொல்லி, ஹுஸைன் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

நோன்பு வந்தது, பெருநாளும் போனது. அஸீமா இடைக்கிடை கம்பியூட்டரைப் போட்டு, மணலில் நின்று, அக்காவைக் கூப்பிடும் முறையில் "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் தம்பியை ஒருதரம் பார்ப்பாள். சூடேறிவிடுமென்று பயந்து உடனே அணைத்துவிடுவாள்.

கறுப்பா நீலமா என்ற இறுதி அமர்வு நடந்துகொண்டிருந்த அன்று, கம்பியூட்டர் கண் திறக்கவேயில்லை. கண்டியில் திருத்துபவர் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த ஒன்றையும் மீட்க முடியாதென்று கையை விரித்தார்.

ஹுஸைன் கலங்கவில்லை. மறுநாளே வாங்கி வந்துவிட்டார். நீலம்.

"தண்ணியில போட்டாலும், ஒசரத்துல இருந்து விழுந்தாலும் உள்ள இரிக்கிறது அழியாது. மத்திய மாகாணத்துலயே இதவிட நல்லது இல்ல."

அஸீமா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல சாமான்தான்" என்றாள், குரலை உயர்த்தாமல். "எண்ட தம்பிய ரெண்டாந்தரம் மௌத்தாக்கிட்டு வாங்கின சாமான்."